டைல்ஸ் போட்ட ஏழை

கோபமாக இருக்கும்போது பேனாவைத் தொடுவதில்லை என்று என் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். போன தடவை தொட்டதற்கு இரண்டு கலியாண வீட்டு அழைப்பிதழ்கள் எங்கள் வாசலுக்கு வராமல் போயின. இந்தப் பத்தியைத் தவறாமல் வாசிப்பவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும். இந்த வாரம் வாக்கை மீறுகிறேன். இன்னும் நாலு அழைப்பிதழ் குறைந்தால் குறையட்டும்.

விஷயம் இதுதான். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், ஏழைகளுக்கு உதவி பங்கிடும் எங்கள் பள்ளிவாசல் ஸகாத் கொமிட்டி அவசரமாகக் கூடியது. கணவனை இழந்த ஒரு பெண் பள்ளிவாசல் உதவியில் மோசடி செய்துவிட்டாராம். அவரை விசாரித்து வரும்படி அனுப்பப்பட்ட ஆள் நான்.

முதலில் இருந்தே சொல்கிறேன்.

முப்பது வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். நோன்புக்கு இரண்டு மாதம் இருக்கும்போது என்னைக் கொமிட்டியில் சேர்த்தார்கள். தலைவர், ஊரில் பெரிய ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஹாஜியார். கெட்ட மனிதர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது... கெட்டவர்கள் செய்கிற அநியாயத்துக்கு நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன்.

"மாஸ்டர், ஆள் பாத்துக் குடுக்கிறாங்க எண்டு ஒவ்வொரு வருஷமும் ஊர் கதைக்குது. நீங்க ஒரு போர்ம் அடிச்சித் தாங்க. புள்ளி போட்டுக் குடுப்பம். பிறகு ஒருத்தரும் வாய் தொறக்க ஏலாது" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புள்ளி போடுவதுதானே என் தொழில்? இரண்டே நாளில் போர்ம் தயார். கூரை ஓலையா, தகரமா, ஓடா? சுவர் பலகையா, கல்லா? தரை மண் என்றால் பத்துப் புள்ளி. சீமெந்து என்றால் ஐந்து. டைல்ஸ் என்றால் பூச்சியம். அதோடு விட்டேனா? டைல்ஸுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, கீழே ஒரு வரியும் சேர்த்தேன் — 'டைல்ஸ் பதிக்கப்பட்ட வீடுகள் பரிசீலிக்கப்பட மாட்டா.'

அந்த நட்சத்திரத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகவே போட்டேன். ஆகவே இன்றைய கோபத்தில் ஒரு பங்கு எனக்கும் உண்டு.

அஸர் தொழுகைக்குப் பிறகு வீடு வீடாகப் போனோம். ஹாஜியாரும் நானும். ஐந்தாவதோ ஆறாவதோ, பிரதான வீதிக்கு மேற்கே வயல் பக்கமாக ஜெஸீமாவின் வீடு. வயது நாற்பது இருக்கும். கணவர் ஆழ்கடல் மீன்பிடிப் போட்டில் வேலை செய்தவர். மூன்று வருடத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து மௌத்தாகிவிட்டார். ஒரே மகள் ஹஸ்னாவுக்குப் பத்தொன்பது வயது.

ஜெஸீமா கல்முனைக் கடை ஒன்றுக்கு அபாயா தைத்துக் கொடுக்கிறார். காலால் மிதிக்கிற பழைய மெஷின். விளிம்பு அடிக்க ஓவர்லொக் மெஷின் வேண்டும். அது இல்லாததால் தைத்த துணிகளை மூட்டை கட்டி, இரண்டு தெரு தள்ளி இன்னொருத்தியிடம் சுமந்துகொண்டு போகிறார். கிடைக்கிற கூலியில் பாதி அந்த விளிம்போடு போய்விடுகிறது.

"எனக்கு இந்த முறை அரிசி, மா, சீனிப் பொதி வேணாம் ஹாஜியார்" என்றார் ஜெஸீமா. "ஓவர்லொக் மெஷின் ஒண்டு வாங்கித் தாங்க. பழசு எண்டாலும் காணும். பெருநாள் ஓடர் வரப்போகுது. கடைக்காரன் எவ்வளவு தைச்சாலும் எடுக்கிறன் எண்டு சொல்றான்."

இதைவிடத் தெளிவாக ஒரு கோரிக்கை இருக்க முடியுமா? நான் பேனாவை எடுத்தேன். ஹாஜியாரின் கண் வேறு எங்கோ இருந்தது. தரையில்.

"மாஷா அல்லாஹ். டைல்ஸ் எல்லாம் போட்டு ஊடு நல்லாத்தானே இரிக்கி?"

"டைல்ஸ உரிச்சி ஆக்கித் திங்க ஏலுமா ஹாஜியார்?"

"அப்பிடிக் கதைக்கப்படாது மகள். மண் தரையில படுக்கிற ஆக்கள் இரிக்காங்க. அவங்கட பங்க எடுத்து டைல்ஸ் ஊட்டுக்குக் குடுத்தா, நாளைக்கு அல்லாஹ்வுக்கு நாங்கதான் பதில் சொல்லணும்."

ஜெஸீமா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை.

"இந்த டைல்ஸ் எப்பிடி வந்திச்சி எண்டு உங்களுக்குத் தெரியாதா? எண்ட கலியாணத்துக்கு மாப்பிள்ளப் பக்கத்தால கதைக்க வந்தது நீங்கதானே? இதே இடத்துல நிண்டுதான் சொன்னீங்க, சீமெந்துத் தரை சரி வராது, டைல்ஸ் போட்டாத்தான் கலியாணம் எண்டு. எங்கட வாப்பா நாவிதன்வெளிப் பக்கம் இருந்த வயல வித்தாரு. பிறகு மௌத்தாகிற மட்டும் மத்தவங்கட வயலுக்குக் கூலிக்குப் போனாரு."

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். கொண்டுவந்து வைத்த பிளேன்டீயை அவர் தொடவில்லை. "அது அந்தக் காலம்... இப்ப அதக் கதைச்சி என்ன?" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? போர்மில் 'டைல்ஸ்' என்ற கட்டத்தில் சரி போட்டேன். மொத்தப் புள்ளியைக் கூட்டக்கூட இல்லை. நட்சத்திரம் இருக்கிறதே, எதற்குக் கூட்ட வேண்டும்?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். பாவம், ஆனால் சட்டம் சட்டம்தானே என்ற தோரணையில் சொன்னேன். அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"நீங்க இந்த ஊட்டுக்கு வரக்குள்ள என்ன கொண்டு வந்தீங்க?"

பதிலையும் அவரே சொன்னார்.

"ஒரு சூட்கேஸ். அதுக்கும் பூட்டு இல்ல. இந்த ஊட்டக் கட்டி முடிக்க எண்ட கூடப்பொறந்த காக்கா ஒம்பது வருஷம் சவூதியில கிடந்தாரு. அவர் கலியாணம் முடிக்கக்குள்ள தலையில முடி இல்ல. உங்கட போர்ம்ல அதுக்கு எத்தின புள்ளி?"

முப்பது வருடப் படிப்பித்தலில் எந்த மாணவனும் என்னை இப்படி மடக்கியதில்லை.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் கிழக்குக் கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்தாக வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் குடிவருவார். இது பெண்ணுக்குப் பாதுகாப்பு, அவள் பெயரில் ஒரு கூரை என்று நானே மேடைகளில் பெருமையாகப் பேசியிருக்கிறேன். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்தக் கூரைக்கு விலை வைப்பது யார்? மாப்பிள்ளை பக்கம். முதலில் கல் வீடு போதும் என்றார்கள். பிறகு டைல்ஸ் என்றார்கள். பிறகு சீலிங், மதில், கேட். இப்போது மாடி. வாப்பாவுக்குச் சம்பளம் கூடுகிறதோ இல்லையோ, மாப்பிள்ளைக்குத் தரை பளபளப்புக் கூடிக்கொண்டே போகிறது.

ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்த் தெருக்களைச் சுற்றிப் பாருங்கள். பாதி கட்டி நிற்கிற வீடுகள் எத்தனை? ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வயல் புதைந்து கிடக்கிறது. ஒரு தோணி, ஒரு கடை, ஓர் அண்ணன் தம்பியின் இளமை. நெல் விளைகிற நிலத்தை விற்று, ஒரு கதிரும் விளையாத தரையை வாங்கிய கூட்டம் நாம். பிறகு கூடியிருந்து கேட்கிறோம், எங்கட சமூகத்தில் ஏன் இவ்வளவு வறுமை என்று. கேட்பதற்கு ஒரு மாநாடு. மாநாட்டுக்குப் பகல் சாப்பாடு புரியாணி!

சரி, கதைக்கு வருகிறேன்.

கொமிட்டிக் கூட்டத்தில் ஜெஸீமாவின் போர்மை எடுத்து வைத்தேன். நட்சத்திரத்தை நானே போட்டேன், நானே அழிக்கிறேன் என்றேன். இருக்கிற வீட்டுக்காக ஒருவர் ஏழை இல்லை என்று ஆகிவிடாது, தொழில் தெரிந்தவருக்குத் தொழிற்கருவி வாங்கிக் கொடுக்கலாம் என்றுதான் நமது மத்ஹபின் மார்க்கச் சட்டத்திலும் இருக்கிறது என்றேன். கொமிட்டியில் இருந்த மௌலவியும் "ஓம், இரிக்கிதுதான்" என்று தலையாட்டினார்.

ஹாஜியார் சிரித்தார். "மாஸ்டர், ஒருத்திக்கு மெஷின் குடுத்தா நாளைக்கு நாப்பது பேர் மெஷின் கேப்பாங்க. நாங்க பொதியக் குடுத்தா எல்லாருக்கும் ஒவ்வொரு பொதி போகும். எல்லாரும் துஆச் செய்வாங்க."

நாற்பது பேர் மெஷின் கேட்டால் என்ன குடியா முழுகிவிடும்? நாற்பது மெஷின் ஓடும். ஆனால் பாருங்கள், மெஷின் வாங்கியவர் அடுத்த வருடம் வரிசையில் நிற்க மாட்டார். பொதி வாங்கியவர் நிற்பார். வரிசை இல்லாவிட்டால் பெனருக்குப் பின்னால் யார் நிற்பது? போட்டோவில் யார் இருப்பது?

கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. நான் கடுப்போடு எழும்பப் போனபோதுதான் பக்கத்தில் இருந்தவர் சொன்னார், "அந்தப் புள்ளைக்கு, ஹஸ்னாவுக்கு, ஒரு சம்பந்தம் கதையாகிக் கிடக்காம். மாப்பிள்ள ஊட்டார் வந்து பாத்தாங்களாம். எல்லாம் புடிச்சிரிக்கி. டைல்ஸ்தான் பழைய மொடலாம், சின்னச் சின்னச் சதுரம். மாத்தினாச் சரியாம்."

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஸகாத் கேட்டால் அது பணக்காரத் தரை. பெண் பார்க்க வந்தால் அதே தரை ஏழைத் தரை.

ஹாஜியாரின் முகம் மலர்ந்துவிட்டது. "இத முதல்லயே சொல்லியிருக்கலாமே! குமர்க் காரியம் எண்டா வேற கதை." வீட்டில் இருக்கிற குமர்ப் பிள்ளையைக் கரை சேர்க்க உதவுவது எங்கள் ஊரில் பெரிய நன்மை. அதற்கென்று தனி நிதியே இருக்கிறது. "நான் டைல்ஸ லொறியில ஏத்தி அனுப்புறன். எண்ட கடையில இரிக்கி. கொள்விலைக்கே தாறன்."

ஐந்து நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறியது. அந்த டைல்ஸின் விலைக்கு இரண்டு ஓவர்லொக் மெஷின் வாங்கி, மிச்சத்துக்கு நூலும் வாங்கலாம். நான் சொன்னேன். யார் கேட்டார்கள்? உழைத்துச் சாப்பிட ஒரு மெஷின் என்றால் ஆயிரம் கேள்வி. மாப்பிள்ளையின் கால் படுவதற்குப் பளிங்குத் தரை என்றால் பிஸ்மில்லாஹ்!

எங்களுக்குக் கொடுக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். கை நிறையக் கொடுக்கிறோம். எதற்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் வியாதி இருக்கிறது. ஏழை ஏழையாகவே இருந்துகொண்டு, நாம் போடும் செலவையே தானும் போட்டு, நமது வழக்கத்தைக் காப்பாற்றித் தர வேண்டும். அதற்கு நாம் உதவி செய்வோம். எழும்பி நிற்பதற்கு மாட்டோம்.

நோன்பு பிறந்து நாலாம் நாள் லொறி வந்தது. பெட்டி பெட்டியாக மண்ணிற டைல்ஸ். ஹாஜியாரின் கடைப் பின்புறத்தில் ஒரு வருடமாக விலைப்படாமல் அடுக்கிக் கிடந்தவை என்று லொறிக்காரனே சொன்னானாம். ஜெஸீமாவின் வீட்டு வளவில் இறக்கி, பெனர் கட்டி, போட்டோ எடுத்து முகநூலில் போட்டார்கள். போட்டோவில் ஹாஜியாரும் டைல்ஸும் தெளிவு. ஜெஸீமாவின் முகம் மட்டும் பெனரின் மூலைக்குப் பின்னால் போய்விட்டது.

அதன்பிறகு நடந்ததைத்தான் 'மோசடி' என்கிறார்கள்.

மூன்றாவது நாள், சவூதியில் இருந்து லீவில் வந்து மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்த பக்கத்து வளவுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, விற்கிறதா என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊரில் டைல்ஸுக்கு ஆள் தேட வேண்டுமா? ஜெஸீமா ஒரு நாள் யோசித்தார். மகளிடம் கேட்டார். அடுத்த நாள் எல்லாப் பெட்டியும் மதிலுக்கு அந்தப் பக்கம் போயின. அந்த வாரமே கல்முனையில் இருந்து ஓட்டோவில் ஓவர்லொக் மெஷின் வந்து இறங்கியது. கூடவே கரண்டில் ஓடும் ஒரு தையல் மெஷினும்.

பெருநாள் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் புதுத் தரை பார்க்க வந்தார்கள். பழைய சின்னச் சதுரங்களே அவர்களைப் பார்த்துச் சிரித்தன. சம்பந்தம் குழம்பி நின்றுபோனது. செய்தி ஹாஜியார் காதுக்குப் போனது. போன வெள்ளிக்கிழமை கூட்டம் கூடியது.

"பள்ளிச் சொத்த வித்துத் திண்டுட்டா" என்றார் ஹாஜியார். உண்மையாகவே மனம் நொந்து போயிருந்தார். அவர் கொடுத்த நன்மையை ஒருத்தி மதிலுக்கு மேலால் விற்றுவிட்டாள் அல்லவா? "மாஸ்டர், நீங்கதான் அவக்காகக் கதைச்ச. நீங்களே போய் விசாரிச்சி எழுதிக்கொண்டு வாங்க."

போனேன். வாசலிலேயே மெஷின் சத்தம் கேட்டது. உள்ளே ஜெஸீமா தைக்கிறார், ஹஸ்னா விளிம்பு அடிக்கிறாள். இன்னொரு பெண் கீழே உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது, எங்கள் பொதி வரிசையில் வருடா வருடம் நிற்கிறவர். தரை முழுக்கக் கறுப்புத் துணித் துண்டுகள். கீழே டைல்ஸா, சீமெந்தா என்று பார்க்கவே முடியவில்லை.

என்னைக் கண்டதும் ஜெஸீமா மெஷினை நிறுத்தினார். முகம் வெளிறிவிட்டது. அவருக்குக் கூட்டத்தைப் பற்றித் தெரிந்திருந்தது.

"சேர், நான் களவெடுக்கல்ல. ஆனா மனசு குத்துது. டைல்ஸுக்கு எண்டு தந்த சாமான வித்துட்டன். பெருநாளைக்கு முதல் நாள் ஊடு முழுக்க ஓடர், அப்பவும் தொழுகையில நிண்டா இதுதான் ஞாபகம். இந்தச் சல்லி எனக்கு ஹறாமா சேர்?"

கூனிக்குறுகிப் போனேன். இந்தப் பெண்ணா குற்றவாளி? ஒரு வருடமாக விற்காத சாமானைப் பள்ளி நிதிக்கு விற்றவருக்கு மனம் குத்தவில்லை. நட்சத்திரம் போட்டவனுக்குக் குத்தவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளையைப் பார்க்க வந்து தரையைப் பார்த்துவிட்டுப் போனவர்களுக்குக் குத்தவில்லை. ஊரில் குத்துகிற மனசு ஒன்றே ஒன்றுதான் மிச்சம், அதையும் விசாரிக்க ஆள் அனுப்பியிருக்கிறோம்.

"நான் மௌலவி இல்ல, ஜெஸீமா" என்றேன். "ஆனா ஹறாம் எண்டு ஒண்டு இதுல இருந்தா, முதல் பங்கு எங்களுக்கு. உங்களுக்கு மிஞ்சாது."

ஹஸ்னாவிடம் கேட்கத் தயக்கமாக இருந்தது. கேட்டேன். சம்பந்தம் குழம்பியதில் கவலை இல்லையா?

"உம்மா என்னக் கேட்டுத்தான் வித்த, சேர்" என்றாள், துணியில் இருந்து கையை எடுக்காமல். "கவலைதான். ரெண்டு நாள் அழுதன். ஆனா அவங்க ரெண்டு முறை வந்தும் தரையத்தான் பாத்தாங்க. என்னப் பாக்கல்ல."

எனக்கு அங்கே அதற்கு மேல் உட்கார முடியவில்லை. இந்த முறை பிளேன்டீயைக் குடிக்காமல் வந்தவன் நான்.

அறிக்கை எழுத வேண்டுமே? வீட்டுக்கு வந்து நான் அடித்த போர்மையே எடுத்துவைத்தேன். கூரை, சுவர், தரை எல்லாவற்றையும் வெறுமையாக விட்டேன். கடைசிக் கட்டம் ஒன்று இருக்கிறது — 'விண்ணப்பதாரருக்குப் பள்ளிவாசலில் இருந்து மேலும் உதவி தேவையா?' அதில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஹாஜியார் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்தார். பழைய போர்ம்கள், புதிய போர்ம்கள், எங்கள் கொமிட்டி அலுமாரியில் எவ்வளவோ கிடக்கின்றன. 'இல்லை' என்று எழுதிய போர்ம் அதற்குள் ஒன்றே ஒன்றுதான் — அதைத்தான் மோசடிக் கோப்பில் போட்டு வைத்திருக்கிறோம்.